பார்பிக்யூ: பரணிலிருந்து இறங்கிய சொல்

நல்ல பார்பிக்யூ எந்தக் கடையில் கிடைக்கும்? அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டால் அன்றைய பொழுது போனது போனதுதான். ஆர்தர் பிரையன்ட்ஸ் என்பார் ஒருவர். கேட்ஸை விட்டால் வேறு கடையா என்பார் இன்னொருவர். மாநில எல்லையைத் தாண்டிப் போய், பெட்ரோல் பங்க்குக்குள் நடக்கும் ஜோஸ் கடை வரிசையில் நின்று பாருங்கள் என்பார் மூன்றாமவர். இதெல்லாம் வெளியூர்க்காரர்களுக்கு, எங்கள் தெருமுனையில் ஒருவர் போடுகிறார் என்று நாலாவது ஆள் தொடங்குவதற்குள் முதல் ஆளுக்குக் கோபம் வந்திருக்கும்.

இந்தச் சண்டையில் பாதிதான் ருசி பற்றியது. மீதி, பார்பிக்யூ என்றால் என்ன என்பது பற்றியது. ஒருவர் கறியை நினைத்துப் பேசுகிறார், ஒருவர் சாஸை, ஒருவர் புகையை. நம் ஊர்க் கடைப் பலகையில் அதே சொல்லைப் படிக்கும் ஆளுக்கோ அது கம்பியில் கோத்துத் தணலில் சுட்ட கோழி. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சொல் பிறந்தபோது இவற்றில் எதையுமே குறிக்கவில்லை.

கரீபியன் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்களின் சொல் அது. ஸ்பானியர் காதில் ‘பார்பகோவா’ என்று விழுந்தது. பொருள், தரைக்கு மேலே கழிகளை நட்டுக் கட்டிய தட்டு. அதன்மேல் தானியம் வைத்தார்கள், படுத்தார்கள், கீழே தீ மூட்டி மேலே இறைச்சியும் மீனும் பரப்பினார்கள். 16ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அங்கிருந்த ஸ்பானியர் ஓவியேடோ இன்னொரு பயனையும் எழுதி வைத்திருக்கிறார். மக்காச்சோளக் கொல்லையில் மரக்கழியாலும் நாணலாலும் உயரத் தட்டுக் கட்டி, மேலே கூரை போட்டு, சிறுவர்களை உட்கார்த்தி வைப்பார்களாம். அவர்கள் கத்திக் கூச்சலிட்டுக் கிளிகளை ஓட்டுவார்களாம். அந்தத் தட்டுக்கும் பெயர் பார்பகோவா.

தமிழ் தெரிந்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. தினைப்புனத்தில் வள்ளி உட்கார்ந்து கிளி ஓட்டிய பரண்தான் இது. சங்கப் பாடல்கள் இதணம் என்று சொல்லும். விதை நெல் கிடக்கும் வீட்டுப் பரணும் இதே சாதிதான். ஆக, பார்பிக்யூவின் மூலச்சொல்லுக்கு நேர்த் தமிழ் பரண். (பரண், பார்பகோவா, ஒலியும் ஒத்து வருகிறதே என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். கிளி எல்லா ஊரிலும் கதிரைத் தின்னும், எல்லா ஊரிலும் ஆள் உயரத்தில் உட்கார்ந்து ஓட்டுவான், அவ்வளவுதான்.)

ஆங்கிலத்துக்கு வந்த புதிதிலும் சொல் பரணாகவே இருந்தது. கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயணநூலில், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் கட்டிய கழித் தட்டுகளின்மேல் இரவு படுத்திருந்ததை எழுதும்போது, அவற்றை இதே சொல்லால்தான் குறிக்கிறார். அந்தப் பக்கத்தில் கறியும் இல்லை, தீயும் இல்லை. ஜமைக்காவில் காப்பிக்கொட்டை உலர்த்தும் தளத்துக்கும் இந்தப் பெயர் போனது. அங்கிருந்த தோட்ட முறைகள் 19ஆம் நூற்றாண்டில் இலங்கை மலைநாட்டுக்கு வந்தபோது சொல்லும் கூடவே வந்தது. நம் ஊர்களிலிருந்து போன தொழிலாளர்கள் களம் என்று அழைத்திருக்கக்கூடிய இடத்தைத் துரைமார் ‘பார்பிக்யூ’ என்று எழுதினார்கள். சுட்ட கோழியின் பெயராக வருவதற்கு முன்பே தமிழர்கள் காப்பிக் களத்தில் இந்தச் சொல்லைச் சந்தித்துவிட்டார்கள்.

1755இல் வந்த சாமுவேல் ஜான்சனின் ஆங்கில அகராதியில் சொல் சமையலுக்குள் வந்துவிட்டது. முழுப் பன்றியை முதுகெலும்பு வரை பிளந்து, கரி நெருப்புக்கு இரண்டடி உயரத்தில் பெரிய கம்பித்தட்டின்மேல் விரித்துப் போடும் மேற்கிந்தியத் தீவு முறை என்று விளக்கம். பரணில் கிடத்துவது என்பது வினையாகிவிட்டது. அடுத்து விருந்துக்கும் அதே பெயர். ஜார்ஜ் வாஷிங்டன் 1769 மே மாத நாட்குறிப்பில், வர்ஜீனியாவின் அலெக்சாண்டிரியாவில் ஒரு பார்பிக்யூவுக்குப் போய் இரவு முழுவதும் தங்கினேன் என்று எழுதுகிறார். விருந்துண்டவர்கள் வர்ஜீனியாவின் பெரிய மனிதர்கள். அத்தகைய விருந்துகளில் இரவெல்லாம் குழியருகே நின்று கறியைப் புரட்டியவர்கள் பெரும்பாலும் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள். இந்தச் சமையலின் கைப்பக்குவம் அவர்கள் வழியாகவே நகரங்களுக்கு வந்தது.

பிரெஞ்சு மொழியில் ‘தாடியிலிருந்து வால்வரை’ என்று பொருள்படும் தொடரிலிருந்து வந்தது என்று ஒரு கதை உண்டு. ஆட்டை முழுசாகச் சுடுவதால் அப்படியாம். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் கட்டுக்கதை.

சரி, அமெரிக்கத் தெற்கிலும் மத்திய மேற்கிலும் இன்று அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? நெருப்பு ஒரு பக்கம், கறி இன்னொரு பக்கம். சுவாலை கறியைத் தொடாது. விறகுப் புகையும் வெப்பக் காற்றும்தான் வேக வைக்கும். வெப்பம் 107 முதல் 121 டிகிரி செல்சியஸ், அதாவது தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிடக் கொஞ்சம் மேலே. பிரிஸ்கெட் எனப்படும் மாட்டின் முன்மார்புக் கறி இதில் 12 மணி நேரத்துக்கு மேல் கிடக்கும். மாட்டின் எடையைத் தாங்கும் தசை என்பதால் நாரும் சவ்வும் அதிகம். அவசரப்பட்டால் செருப்புத் தோல். மெதுவாக ஏற்றினால் சவ்வு பாகாக இளகிக் கறிக்குள் இறங்கும். நடுவில் ஒரு சோதனை உண்டு: உள்ளே 65, 70 டிகிரி வந்ததும் சூடு பல மணி நேரம் ஏறாமல் நின்றுவிடும். மேற்பரப்பில் ஈரம் ஆவியாகிக் கறியைக் குளிர வைப்பதுதான் காரணம். புதிதாகச் செய்பவர் அடுப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து விறகைத் திணிப்பது இந்த இடத்தில்தான். வெந்த கறியை வெட்டினால் வெளியே கருத்த பொருக்கு, அதை ஒட்டி உள்ளே ஓர் இளஞ்சிவப்பு வளையம். அது வேகாத கறி இல்லை. விறகுப் புகையின் வாயுக்கள் தசையின் நிறமியோடு சேர்ந்து சிவப்பைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

தோட்டத்தில் கரியடுப்பு வைத்து நேர் நெருப்பில் பத்து நிமிடத்தில் சுட்டு எடுப்பதை இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் பார்பிக்யூ என்கின்றன. கன்சாஸ் சிட்டிக்காரர் அதை கிரில் என்பார். முகமும் கொஞ்சம் சுளிக்கும். வட கரோலினாக்காரருக்குப் பார்பிக்யூ என்றால் பன்றிக்கறி, அதுவும் புளிக்காடி ஊற்றியது. டெக்சஸ்காரருக்கு மாட்டுக்கறி, சாஸ் எதற்கு என்று கேட்பார். மெக்சிகோவில் பார்பகோவா என்ற மூலச்சொல்லே ஆனைக்கற்றாழை மடலால் மூடிக் குழிக்குள் வேக வைக்கும் கறியைக் குறிக்கிறது. உயரே இருந்த பரண் மண்ணுக்குள்ளேயே போய்விட்டது.

கன்சாஸ் சிட்டியில் எல்லாக் கறியும் நடக்கும், சாஸும் வேண்டும். அங்கே 1871இல் தொடங்கிய மாட்டுத் தொழுவச் சந்தை ஒரு காலத்தில் சிக்காகோவுக்கு அடுத்த பெரிய சந்தை, அதனால் கறிக்குப் பஞ்சமில்லை. டென்னசியில் பிறந்து நீராவிப் படகுகளில் வேலை பார்த்த ஹென்றி பெர்ரி என்ற கறுப்பினத்தவர் 1908 வாக்கில் இந்த ஊரில் ஒரு சந்தில் கடை போட்டார். ஹிக்கரி, ஓக் விறகில் வெந்த கறியைச் செய்தித்தாளில் சுற்றி 25 சென்டுக்கு விற்றார். 1940இல் அவர் இறந்த பிறகு கடை அவரிடம் வேலை பார்த்த சார்லி பிரையன்டுக்குப் போனது. 1946இல் தம்பி ஆர்தர் ஏற்றுக்கொண்டார். அதே 1946இல் கேட்ஸ் குடும்பம் கடை வாங்கியபோது அங்கே சமைத்தவர் ஆர்தர் பிங்கார்ட். அவரும் பெர்ரியிடம் தொழில் பார்த்தவர். பிரையன்ட்ஸா, கேட்ஸா என்று மூன்று தலைமுறையாக அடித்துக்கொள்கிறார்களே, இரண்டும் ஒரே அடுப்பிலிருந்து பிரிந்த கடைகள்.

வித்தியாசம் சாஸில். பிரையன்ட்ஸ் சாஸ் புளிப்பும் மிளகாய்த்தூள் நெறுநெறுப்புமாக இருக்கும். கேட்ஸுடையது வழுவழுப்பு, தக்காளிப் பக்கம் சாயும். ஒரு காலத்தில் பிரையன்ட்ஸில் பிரிஸ்கெட்டை வெட்டும்போது உதிரும் கருகிய ஓரங்களை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்தார்கள். வரிசையில் நின்றவர்கள் காசில்லாமல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்கள். 1970களின் தொடக்கத்தில் அந்த ஊரில் பிறந்த எழுத்தாளர் ஒருவர், உலகத்திலேயே சிறந்த உணவகம் இதுவாக இருக்கலாம் என்று பத்திரிகையில் எழுதி, அந்தக் கருகல் துண்டுகளையும் புகழ்ந்து தள்ளினார். இன்று அவை ‘பர்ன்ட் எண்ட்ஸ்’ என்ற பெயரில் ஊர் முழுக்கத் தனி அயிட்டம், நல்ல விலை. ஜோஸ் கடை ஆட்கள் இந்த வரலாற்றுக்கெல்லாம் அசையமாட்டார்கள். பிரிஸ்கெட்டும் புகையேற்றிய சீஸும் வெங்காய வளையமும் அடுக்கிய சாண்ட்விச் ஒன்றைக் காட்டி, சாப்பிட்டுவிட்டுப் பேசு என்பார்கள். என்னைக் கேட்டால், சாஸைத் தனியாக வைக்கச் சொல்லிவிட்டு முதல் வாய் வெறும் கறியாகச் சாப்பிடுபவர் சொல்லும் தீர்ப்பைத்தான் நம்புவேன்.

சொல்லுக்குக் கடைசியாகச் சேர்ந்த பொருளும் இந்த ஊர் வழியாகத்தான் பரவியது. 1970களின் இறுதியில் இங்கிருந்த ஒரு குழந்தை மனநல மருத்துவர் வெல்லப்பாகு கலந்த இனிப்பான தக்காளி சாஸ் ஒன்றைப் புட்டியில் விற்றார், நாடு முழுக்கப் போனது. சூப்பர் மார்க்கெட்டில் பார்பிக்யூ சுவை என்றால் இன்று பலருக்கு நினைவு வருவது அந்தச் சுவைதான். புகையும் இல்லை, பரணும் இல்லை.

இனித் தமிழ்ச்சொல். சூட்டிறைச்சி, தணல் கறி, வாட்டிறைச்சி என்று பல சொற்களைச் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் ஒரே சொல் என்று போனால் மாட்டிக்கொள்வோம். ஆங்கிலம் ஒரே சொல்லை வைத்து நெருப்புக்கு நேராகவும் தள்ளியும் நடப்பதைக் குழப்புகிறது, தமிழ் வினைகள் குழப்பவில்லை. நெருப்பு நேராகப் பட்டால் சுடுவது: கத்தரிக்காய் சுடுவோம், அப்பளம் சுடுவோம். நெருப்புக்குச் சற்றுத் தள்ளிப் பிடித்து அனல் மட்டும் பட விட்டால் வாட்டுவது: வாழையிலை வாட்டுவோம், கருவாடு வாட்டுவோம்.

எனவே நம் ஊர்க் கம்பிக் கோழிக்குச் சுட்ட கறி, சுட்ட கோழி போதும். இதற்குப் பழந்தமிழிலேயே இடம் உண்டு. பொருநராற்றுப்படையில் கரிகாலன் அளித்த விருந்தை முடத்தாமக்கண்ணியார் ‘காழிற் சுட்ட கோழூன் கொழுங்குறை’ என்கிறார். காழ் என்பது இரும்புக் கம்பி, கொழுங்குறை கொழுத்த துண்டு. அடுத்த அடியில், சூடு தாங்காமல் வாயின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி ஒற்றித் தின்றதையும் சொல்லிவிடுகிறார். தந்தூரிக்கும் கபாபுக்கும் பெயர் வேண்டுமென்றால் ‘காழ்ச்சூடு’ எனலாம், பலகையில் எழுதினால் யாருக்கும் புரியாது என்பது வேறு விஷயம். கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாகச் சுழலும் கோழிக்கு இந்தப் பெயரும் பொருந்தாது. அதை கிரில் சிக்கன் என்றே ஊர் ஏற்றுக்கொண்டுவிட்டது, விட்டுவிடலாம்.

கன்சாஸ் சிட்டிப் பண்டத்துக்கு என் தேர்வு புகைவாட்டு. புகையும் வருகிறது, தள்ளி நின்ற அனலும் வருகிறது. வினையாக்கினாலும் வளையும்: புகைவாட்டினார், புகைவாட்டிய நெஞ்சுக்கறி. வாட்டூன் என்று சுருக்கலாமே என்றால், சங்கப் பாடலில் வாடூன் என்பது உலர்ந்த இறைச்சி, நம் உப்புக்கண்டத்தின் உறவு. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் கேட்பவர் குழம்புவார். சாஸுக்குத் தமிழ் தேடி அலைய வேண்டாம், பார்பிக்யூ சாஸ் என்றே இருக்கட்டும். கம்பித்தட்டு வைத்த கரியடுப்பு தணலடுப்பு.

வாஷிங்டன் போய்த் தங்கிய விருந்து என்ற பொருளுக்குப் பெயர்ச்சொல்லே தேவையில்லை. ‘சனிக்கிழமை மொட்டைமாடியில் கறி சுடுகிறோம், வந்துவிடுங்கள்’ என்றால் எல்லாரும் வந்துவிடுவார்கள்.