ஒன்பது புள்ளி எட்டு

பத்தாவது முடித்துப் பள்ளி மாறிய பையன், பிளஸ் ஒன். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அடிக்கடி தலைவலி என்று அம்மா என்னிடம் ஆலோசனைக்கு அழைத்து வந்தார். கண் டாக்டரைப் பார்த்தாகிவிட்டது, ஸ்கேன்கூட எடுத்தாகிவிட்டது. அம்மாவை வெளியே உட்காரச் சொன்னதும் அவன் கேட்ட முதல் கேள்வி: “மேடம், நான் சொல்றதை எங்கம்மாகிட்ட சொல்லிடுவீங்களா?”

இதற்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லக் கூடாது. உன் உயிருக்கு ஆபத்து என்றாலோ, யாராவது உன்னிடம் தவறாக நடந்தாலோ சொல்ல வேண்டிவரும். அதையும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன், மற்றதெல்லாம் நமக்குள் என்றேன். தனக்குப் பையன்களைத்தான் பிடிக்கிறது என்று அவன் சொன்னது மூன்றாவது முறை வந்தபோதுதான்.

பழைய பள்ளியில் அவனுக்கு ‘ஒம்போது’ என்று பட்டப்பெயர். திருநங்கைகளை இழிவுபடுத்தும் சொல். நடையில் கொஞ்சம் நளினம் தெரிந்தால் எந்தப் பையன்மீதும் ஒட்டிவிடுவார்கள். இவன் தன்னை ஆணாகவே உணர்கிறான், ஈர்ப்புதான் ஆண்கள்மீது. இரண்டும் வேறுவேறு என்பது ஆசிரியர்கள் பலருக்கே தெரிவதில்லை. புதுப் பள்ளியில் தன்னை யாருக்கும் தெரியாது என்று நம்பித்தான் சேர்ந்தான். டியூஷனில் கூடப் படித்த ஒருவன் போதாதா? இரண்டே வாரத்தில் பெயரும் வந்து சேர்ந்துவிட்டது.

இயற்பியலில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8. ஆசிரியர் “ஒன்பது புள்ளி எட்டு” என்னும்போதெல்லாம் பின் பெஞ்சில் சிரிப்பு. ஒருநாள் அவரும் லேசாகச் சிரித்தாராம். தலைவலி தொடங்கியது அந்த வாரம்தான்.

இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் பெரும்பாலும் கேட்பது, “மாத்திட முடியுமா?” முடியாது, மாற்றுவதற்கு இது நோயும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 2021-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் இந்த ‘மாற்றும்’ சிகிச்சைக்குத் தடை விதித்தார். மறுவருடம் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. தீர்ப்பெழுதும் முன் தனக்கே இது சரியாகப் புரியவில்லை என்று அந்த நீதிபதி ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். இதைச் சொல்லும்போது சில அப்பாக்கள் கொஞ்சம் தளர்வார்கள். ஜட்ஜுக்கே தெரியவில்லையே!

பள்ளியிடம் பேசும்போதுதான் நல்லவர்களே சொதப்புவார்கள். அக்கறையில் ஓர் ஆசிரியை வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்ல, அன்றிரவே வீட்டைவிட்டுக் கிளம்பிய பையனை எனக்குத் தெரியும். அதனால் இவன் சம்மதத்தோடு, இவன் பெயரையே எடுக்காமல், பட்டப்பெயர்களைப் பற்றிப் பொதுவாக எல்லா ஆசிரியர்களிடமும் பேசினேன்.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. எப்போது சொல்வது என்பது அவன் பாடு.

போன மாதம் வந்தபோது இயற்பியல் வகுப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். மறுபடி யாரோ சிரித்தார்களாம். சார் திட்டவில்லை. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா நின்றாராம், சிரிப்பு அடங்கும்வரை. அப்புறம் கணக்கைத் தொடர்ந்தாராம்.

“எவ்வளவு நேரம் நின்னாரு?”

“ஒரு நிமிஷம் இருக்கும் மேடம்,” என்றான். கொஞ்சம் யோசித்து, “ஒன்றரைகூட இருக்கும்.”