வாசற்படி இல்லாத குளியலறை: வேலை முழுவதும் வாட்டத்தில்

சக்கர நாற்காலியோ வாக்கரோ உள்ளே போக வேண்டுமென்றால், குளியலறை வாசலில் பதித்த கருங்கல் தடுப்பைத்தான் முதலில் எடுக்க வேண்டும். அதைப் பெயர்ப்பது சின்ன வேலை. ஆனால் தண்ணீரைப் படுக்கையறைக்குள் விடாமல் நிறுத்தியது அந்தக் கல்தான். இனி அந்த வேலையைத் தரையின் வாட்டம், அதாவது சரிவு, பார்க்க வேண்டும்.

60-க்கு 1 வாட்டம் போதும், 1,500 மி.மீ. நீளத்துக்கு 25 மி.மீ. இறக்கம். 80-க்கு 1-ஐவிடக் குறைந்தால் தண்ணீர் தேங்கி, சோப்பும் பாசியும் சேர்ந்து வழுக்கும். 50-க்கு 1-ஐத் தாண்டினால் பிரேக் போடாத நாற்காலி தானாக நகரும்.

எந்தப் பக்கம் வாட்டம் என்பது இதைவிட முக்கியம். நடுவில் தண்ணீர் வடியும் ஜாலி வைத்தால் தரை நான்கு சரிவாகப் பிரியும். நாற்காலியின் நான்கு சக்கரமும் ஒருசேரத் தரையில் படியாது. ஒன்று தூக்கிக்கொண்டு ஆடும். பெரிய டைல்ஸையும் குறுக்கே வெட்ட வேண்டிவரும். வாசலுக்கு எதிர்ச் சுவரோரம் சேனல் டிரெயின் (நீளவாக்கில் ஓடும் வடிகால்) போட்டால் தரை முழுவதும் ஒரே பக்கம் சாயும். செலவு கூடுதல்தான், ஆனாலும் இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது. வடிகாலுக்கு அடியில் நாற்றத்தைத் தடுக்கும் டிராப்பில் 50 மி.மீ. தண்ணீர் நிற்க வேண்டும், இல்லையென்றால் நாற்றம் ஏறும். சன்கன் ஸ்லாப் (குளியலறைக்காகத் தாழ்த்திப் போட்ட கான்கிரீட் தளம்) உள்ள அடுக்கக வீடுகளில் நிரப்பிய செங்கல் ஜல்லியைத் தோண்டினால் இதற்கு ஆழம் கிடைத்துவிடும். அது இல்லாத பழைய வீட்டில் தரையைத்தான் உயர்த்த வேண்டும். வாசலில் 12-க்கு 1 சாய்வு, அதாவது 25 மி.மீ. உயரத்துக்கு 300 மி.மீ. நீளம்.

வாட்டர் புரூஃபிங் பூச்சு இரண்டு கை, ஒன்றுக்கொன்று குறுக்காக. மூலைகளில் ஃபைபர் வலை. சுவரில் 300 மி.மீ., ஷவர் படும் இடத்தில் ஆறடி உயரம். வாசலைத் தாண்டியும் கொஞ்சம் இழுத்துவிட வேண்டும். பிறகு 48 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பார்க்க வேண்டும். தடுப்புக்கல்தான் இல்லையே, தண்ணீர் எப்படி நிற்கும்? வாசலில் ஒரு வரிசைச் செங்கலைத் தற்காலிகமாக வைத்துப் பூச வேண்டும். பல இடங்களில் சோதனையே நடக்காமல் போவதற்குக் காரணம் இந்த ஒரு வரிசையை வைக்காததுதான்.

பிடித்து எழச் சுவரில் மாட்டும் பிடிகம்பி பிடுங்கிக்கொண்டு வருவதற்குக் காரணம் கம்பியல்ல, ஸ்க்ரூ. டைல், பசை, சிமென்ட் பூச்சு மூன்றும் சேர்ந்தே சுமார் 30 மி.மீ. கனம். கம்பியின் பெட்டியோடு வரும், ஸ்க்ரூவைப் பிடிக்கும் 35 மி.மீ. பிளக் செங்கல்லைத் தொட்டும் தொடாமலும் நின்றுவிடுகிறது. செங்கல்லுக்குள் 50 மி.மீ.யாவது இறங்க வேண்டும். ஹாலோ பிளாக் (உள்ளே பொந்துள்ள கல்) சுவரென்றால் வலைக்குழாயோடு கெமிக்கல் ஆங்கர், அதாவது பசை ஊற்றி இறுக்கும் போல்ட்தான் நிற்கும். டைலைத் துளைக்கும்போது டிரில்லின் ஹேமர் மோடை (இடித்துத் துளைக்கும் முறையை) அணைத்துவிடுங்கள். அந்தத் துளை வாட்டர் புரூஃபிங்கையும் ஓட்டையாக்குவதால் ஸ்க்ரூ போடுமுன் சிலிகான் அடைக்க வேண்டும். கம்பி தரையிலிருந்து 840 முதல் 915 மி.மீ. உயரத்தில், சுவரிலிருந்து 38 மி.மீ. தள்ளி இருக்கட்டும், இடைவெளி அதிகமானால் வழுக்கும்போது முழங்கை உள்ளே போய்ச் சிக்கும். அமெரிக்க விதிப்படி அது 113 கிலோ தாங்க வேண்டும். டவல் ராடு அதற்கு ஆகாது.

உட்கார்ந்து குளிக்கும் இருக்கையின் உயரம் 450 மி.மீ. உட்கார்ந்தபடியே எட்டும் பக்கச் சுவரில் குழாயும் 1,500 மி.மீ. குழலுள்ள கை ஷவரும். 60 டிகிரி தண்ணீர் சுமார் ஐந்து நொடியில் தோலை வேகவைத்துவிடும். சர்க்கரை நோயால் காலில் உணர்வு மங்கியவருக்குச் சுடுவதே தெரியாது. கீசருக்கும் ஷவருக்கும் இடையில் சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் மிக்ஸர் வைத்து 41 டிகிரியில் நிறுத்துங்கள்.

கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவர் கதவோரம் கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை யாராலும் தள்ள முடியாது.