பாட்டுக் குடும்பங்களில் குரல் கைமாறுவது எப்படி?

சீர்காழி கோவிந்தராஜனின் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள், அவர் மகன் சிவசிதம்பரம் பாடும்போது ஒரு கணம் திகைத்துப்போவார்கள். அதே கணீர், அதே அழுத்தந்திருத்தமான உச்சரிப்பு. "ரத்தத்திலேயே வந்தது" என்று சொல்லிவிடுகிறோம். சரி, ரத்தத்தில் வந்தது எவ்வளவு, காது வழியாக வந்தது எவ்வளவு?

குரல்வளைக்குள் இரண்டு மடிப்புகள் இருக்கின்றன. இவைதான் குரல் நாண்கள். நுரையீரலிலிருந்து மேலேறும் காற்று இவற்றைத் திறந்து மூடி அதிரவைக்கிறது. பேசும்போது ஆண்களுக்கு நொடிக்கு 100 முதல் 130 முறை, பெண்களுக்கு 200 முறைக்குச் சற்று முன்பின் அதிரும். நாணின் நீளம், தடிமன், இழுவிசை மூன்றும் சேர்ந்து சுருதியைத் தீர்மானிக்கின்றன. ஆனால் அங்கே பிறப்பது வெறும் ரீங்காரம்தான். அது தொண்டை, வாய், மூக்கறை வழியாக வெளியே வரும்போது சில அதிர்வெண்கள் எடுப்பாகின்றன, சில அமுங்கிப்போகின்றன. 'ஆ'வுக்கும் 'ஈ'க்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் உருவாகிறது. ஒருவருடைய குரலின் தனி நிறமும் பெருமளவுக்கு இங்கேதான் கூடுகிறது. தாடையின் அமைப்பும் அண்ணத்தின் வளைவும் மூக்கு, நெற்றியைப் போலவே பெற்றோரிடமிருந்து வருபவை. அதனால்தான் போனில் அக்காவை அம்மா என்று நினைத்துப் பேசத் தொடங்கிவிடுகிறோம். பழைய தொலைபேசி இணைப்புகள் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வு) வரையிலான ஒலியை மட்டுமே கடத்தின. ஆளை அடையாளம் காட்டும் நுணுக்கங்களில் பல அதில் விடுபட்டுப்போக, குடும்பச் சாயல் மட்டும் தங்கிவிடும்.

சுருதியிலும் மரபணுவுக்குப் பங்கு உண்டு. ஐஸ்லாந்தில் சுமார் 13,000 பேரின் பேச்சைப் பதிவுசெய்து ஆராய்ந்தவர்கள், ஏபிசிசி9 என்ற மரபணுவில் உள்ள சில மாற்றங்கள் குரலைச் சற்று உயர்த்துகின்றன என்று 2023இல் வெளியிட்டார்கள். இந்த விளைவை ஆண், பெண் இருபாலரிடமும் கண்டார்கள்.

குரலைவிடக் காதின் கதை எனக்கு முக்கியமாகப் படுகிறது. தெரிந்த மெட்டில் ஒரு ஸ்வரம் பிசகினால் அதைக் கண்டுபிடிக்கும் திறனை பிரிட்டனில் இரட்டையர்களிடம் சோதித்தார்கள். ஆளுக்கு ஆள் தெரிந்த வேறுபாட்டில் 70 முதல் 80 சதவீதம் வரை மரபு சார்ந்தது என்று 2001இல் கணக்கிட்டார்கள். சிலருக்குப் பிறவியிலேயே சுருதி பேதம் பிடிபடாது. அப்படிப்பட்டவர்களின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் 39 சதவீதம் பேருக்கு அதே குறை இருந்ததை 2007இல் வந்த கனடிய ஆய்வு ஒன்று காட்டியது. ஒப்பிடுவதற்காகச் சோதித்த மற்றக் குடும்பங்களில் அது வெறும் 3 சதவீதம். ஆனால் இந்தக் குறை உண்மையிலேயே உள்ளவர்கள் நூற்றில் ஒருசிலர்தான். "எங்கள் வீட்டில் யாருக்கும் பாட்டு வராது" என்று சொல்லும் பெரும்பாலான வீடுகளில் யாரும் பாடிப் பழகவில்லை, அவ்வளவுதான்.

பழக்கம் கருவறையிலேயே தொடங்கிவிடுகிறது. ஏறக்குறைய 25ஆவது வாரத்திலிருந்து குழந்தைக்குக் காது கேட்கும். வெளி ஓசைகள் மங்கலாகத்தான் போய்ச் சேரும். தாயின் குரலோ காற்று வழியாக மட்டுமல்லாமல் அவள் உடல் வழியாகவும் போகிறது. மெய்யெழுத்துகளின் கூர்மை மழுங்கிவிடும், ஏற்ற இறக்கமும் தாளமும் தங்கும். அதாவது, சொல்லுக்கு முன்பே மெட்டு வந்துவிடுகிறது! கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் ஒரே தாலாட்டு மெட்டைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு ஹெல்சிங்கியில் ஓர் ஆய்வு நடந்தது. அந்தக் குழந்தைகளின் மூளை பிறந்ததும் அந்த மெட்டுக்குக் கூடுதலாகத் துலங்கியது, நான்கு மாதம் கழித்தும்கூட.

அப்புறம் பல ஆண்டுப் பழக்கம். குழந்தை பாடுகிறது, தன் குரலைத் தானே கேட்கிறது, நினைவில் இருக்கும் அம்மாவின் குரலோடு ஒப்பிட்டு நாணின் இறுக்கத்தை மாற்றுகிறது. ஆயிரக்கணக்கான முறை இது நடந்த பிறகு யோசிக்காமலே வந்துவிடும். ஸ்வரங்களை அசைத்தும் குழைத்தும் பாடும் கமகம் போன்றவற்றை ஸ்வரம் எழுதி முழுமையாகக் காட்ட முடியாது, கேட்டுத்தான் ஆகவேண்டும். கர்நாடக இசைக் கலைஞர் வீணை தனம்மாளின் (1867–1938) வீட்டுப் பதங்களும் ஜாவளிகளும் (காதல் பாட்டு வகைகள்) மகள்கள் வழியாகப் பேத்திகள் பிருந்தா, முக்தாவுக்கு அந்த நுணுக்கத்தோடு வந்து சேர்ந்தது இப்படித்தான். இன்னொரு பேத்தி பாலசரஸ்வதி பரதம் ஆட, அவர் தாய் ஜெயம்மாள் பாடினார்.

சகோதரிகள் சேர்ந்து பாடும்போது ஒரே குரலாகக் கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. ஒருவர் 220 ஹெர்ட்ஸிலும் மற்றவர் 223 ஹெர்ட்ஸிலும் பாடினால், ஒலி நொடிக்கு மூன்று முறை ஏறி இறங்கும். அதுதான் காதை உறுத்துகிறது. இருவரும் ஒருவரையொருவர் கேட்டுத் திருத்தத் திருத்த அந்த ஆட்டம் அடங்கும். உயிரெழுத்துகளையும் ஒரே மாதிரி வாய் திறந்து உச்சரித்தால் எடுப்பாகும் அதிர்வெண்களும் ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிடும். இதற்கு உடன்பிறந்திருக்க வேண்டும் என்பதில்லை. கர்நாடக இசையில் இணைந்து பாடிய ஆலத்தூர் சகோதரர்களில் சிவசுப்பிரமணிய ஐயர், ஆலத்தூர் வெங்கடேச ஐயரின் மகன். சீனிவாச ஐயரோ அவருடைய சீடர். ஒரே ஆசானிடம் சேர்ந்து கற்ற இருவரை நாடே சகோதரர்கள் என்று அழைத்தது.

வீட்டில் எல்லோரும் சேர்ந்து பாட உட்கார்ந்தால் முதல் சிக்கல் சுருதிதான். சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள், எண் கூடினால் சுருதி உயரும். ஆண்களுக்குப் பொதுவாக ஒரு கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்குள் வசதி, பெண்களுக்கு ஐந்தை ஒட்டி. அப்பாவின் கட்டைக்குக் குழந்தையை இறக்கிப் பாடவைத்தால் கீழ் ஸ்வரங்கள் காற்றாகிப்போகும். குழந்தைக்குத் தோதான சுருதியை வைத்துவிட்டு, பெரியவர்கள் முறை வைத்துப் பாடுவது நல்லது. பையன்களுக்குக் குரல் உடையும் வயதில் இன்னும் கவனம் வேண்டும். குரல்வளை சட்டென்று வளர்ந்து குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி (ஒரு 'ஸ'விலிருந்து அடுத்த 'ஸ' வரையிலான தூரம்) இறங்கிவிடுகிறது. நேற்று எட்டிய ஸ்வரம் இன்று பிளிறுகிறது. கேலிக்குப் பயந்து பலர் அதோடு பாட்டையே விட்டுவிடுகிறார்கள். உடைவது குரல் மட்டும்தான், இத்தனை வருடம் பழகிய காது அப்படியே இருக்கிறது. அந்த மாதங்களில் அழுத்திப் பாடாமல், எட்டும் சில ஸ்வரங்களுக்குள் மெதுவாகப் பாடிக்கொண்டு நிறையக் கேட்டால் போதும். புதிய குரல் நிலைத்ததும் கை பிடித்து அழைத்துப்போக அந்தக் காது இருக்கும்.