காப்புரிமை கிளெய்ம்: சொல் கூடினால் உரிமை சுருங்கும்

அமெரிக்காவில் செஃப் அமெரிக்கா என்ற உணவு நிறுவனத்திடம் ஒரு காப்புரிமை இருந்தது. மாவுப் பண்டத்தின் மேல் கரைத்த மாவைப் பூசி, கடும் சூட்டில் சற்று நேரம் காட்டி, பிறகு குளிரவைத்து விற்கும் முறை அது. வாங்கியவர் மைக்ரோவேவில் சூடாக்கினாலும் மொறுமொறுப்பாக வரும். அந்தச் சூட்டைப் பற்றி எழுதும்போது, மாவை 400 முதல் 850 டிகிரி ஃபாரன்ஹீட் ‘வெப்பநிலைக்கு’ச் சூடாக்குவது என்று எழுதிவிட்டார்கள். நினைத்ததோ, அந்த ‘வெப்பநிலையில்’ இருக்கும் அடுப்பில் சூடாக்குவதை. 850 டிகிரி என்றால் சுமார் 454 செல்சியஸ். மாவே அந்தச் சூட்டை எட்டினால் கரிதான் மிஞ்சும். போட்டி நிறுவனமான லாம்ப்-வெஸ்டன் மீது வழக்குப் போட்டார்கள். எழுதியிருப்பது தெளிவாகத்தான் இருக்கிறது, அதை நாங்கள் திருத்தி எழுத முடியாது என்று 2004-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கைவிரித்துவிட்டது.

காப்புரிமை ஆவணத்தில் பக்கம் பக்கமாக விளக்கம் இருக்கும், படங்கள் இருக்கும். ஆனால் சட்டம் காப்பது, கடைசியில் எண் போட்டு வரும் சில வாக்கியங்கள் சொல்வதை மட்டுமே. அவைதான் கிளெய்ம், அதாவது உரிமைகோரல். நிலப் பத்திரத்தின் நான்கெல்லை போலத்தான். ஆனால் பத்திரத்தில் விவரம் கூடக்கூடப் பாதுகாப்பு கூடும். கிளெய்மில் விவரம் கூடக்கூட நிலமே சுருங்கும்.

ஏன் அப்படி? ஒரு கிளெய்மில் ஐந்து அம்சங்களை எழுதினால், ஐந்தும் இருக்கும் பொருளைத்தான் அது பிடிக்கும். போட்டியாளர் ஒன்றை விட்டுவிட்டால் பெரும்பாலும் தப்பித்துவிடுவார். கண்டுபிடித்தவரே எழுதும்போது சறுக்கும் இடம் இதுதான். தான் செய்த மாதிரியைப் பார்த்துப் பார்த்து, ஒரு திருகு விடாமல் வர்ணித்துவிடுவார்.

கற்பனையாக ஒரு தேங்காய்த் துருவியை எடுத்துக்கொள்வோம். துருவல் சிதறாமல் விழ, அலகுக்குக் கீழே காந்தத்தால் ஒட்டும் ஒரு எவர்சில்வர் கிண்ணம். ஆர்வத்தில் எழுதினால் முதல் கிளெய்ம் இப்படி வரும்: ‘மர அடித்தளமும், அதில் பொருத்திய அலகும், அலகுக்குக் கீழே காந்தத்தால் ஒட்டும் எவர்சில்வர் கிண்ணமும் கொண்ட துருவி.’ பிளாஸ்டிக் கிண்ணத்தை கிளிப்பில் மாட்டி ஒருவர் விற்றால் நாம் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். ஒவ்வொரு சொல்லாக எடுத்துவிட்டு, இது இல்லாமல் கருவி வேலை செய்யுமா என்று கேளுங்கள். மரம் வேண்டாம், எவர்சில்வர் வேண்டாம், காந்தமும் வேண்டாம். மிஞ்சுவது: ‘ஓர் அடித்தளம், அதில் பொருத்திய அலகு, அலகுக்குக் கீழே கழற்றி மாட்டும்படி பிணைத்த ஒரு கிண்ணம், இவற்றைக் கொண்ட துருவி.’

இது வெறும் ஏட்டுச் சிக்கல் இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்திலேயே நடந்திருக்கிறது. ஒரு சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக் வைக்கும் பஜாஜின் காப்புரிமையில், சிலிண்டரின் உள்விட்டம் 45 முதல் 70 மில்லிமீட்டர், ஒரு சிலிண்டருக்கு இரண்டு வால்வு என்றெல்லாம் கிளெய்மிலேயே இருந்தது. டிவிஎஸ் ஃப்ளேம் வண்டியிலும் இரண்டு பிளக். ஆனால் வால்வு மூன்று. 2008-ல் தனி நீதிபதி டிவிஎஸ்ஸுக்குத் தடை போட்டார். 2009-ல் டிவிஷன் பெஞ்ச் அதை நீக்கியது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம், விற்பனைக்குக் கணக்கு வைத்துக்கொண்டு வண்டியை விற்கலாம் என்றது. இரண்டு தரப்பும் மல்லுக்கட்டிய முக்கிய விஷயங்களில் ஒன்று அந்த ‘இரண்டு வால்வு’தான்.

நீதிமன்றம் தாராளமாகப் படிப்பதும் உண்டு. பிரிட்டனின் கேட்னிக் வழக்கில் (1980) ‘செங்குத்தாக’ என்று எழுதியிருந்த உத்தரத் தகட்டைப் போட்டியாளர் சில டிகிரி சாய்த்துச் செய்தும் மாட்டிக்கொண்டார். அதை நம்பி எழுத உட்காரக் கூடாது, அவ்வளவுதான்.

சரி, எல்லாச் சொல்லையும் எடுத்துவிடலாமா? முடியாது. அடித்தளமும் அலகும் மட்டும் இருந்தால் அது நம் பாட்டி காலத்துத் துருவுமணை. புதுமை இல்லை என்று பரிசோதகர் தள்ளிவிடுவார். ஏற்கெனவே இருப்பதிலிருந்து விலக எந்த அம்சம் தேவையோ அது மட்டும் முதல் கிளெய்மில் நிற்க வேண்டும். அதனால்தான் எழுதுவதற்கு முன்பே கூகுள் பேடன்ட்ஸிலும் இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் தேடுதளத்திலும் துழாவ வேண்டியிருக்கிறது. கழற்றி மாட்டும் கிண்ணம் வைத்த துருவி அங்கே கிடைத்துவிட்டால்? அதற்குத்தான் சார்பு கிளெய்ம்கள். ‘கிளெய்ம் 1-ல் சொன்ன துருவி, இதில் கிண்ணம் காந்தத்தால் பிணைக்கப்பட்டது’ என்பது கிளெய்ம் 2. முதலாவது விழுந்தாலும் இது நிற்கக்கூடும். தூக்கி எறிந்த விவரங்களுக்கெல்லாம் இடம் இங்கேதான்.

நடையைப் பொறுத்தவரை ஒரு கிளெய்ம், ஒரே வாக்கியம், எவ்வளவு நீண்டாலும். ‘அழகான’, ‘மிகச் சிறந்த’ போன்ற சொற்களுக்கு அதில் வேலை இல்லை. விண்ணப்பம் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் இருக்க வேண்டும் என்பது நமக்குக் கூடுதல் தலைவலி. ஆங்கிலத்தில் ‘கம்ப்ரைஸிங்’ (இவற்றை உள்ளடக்கிய) என்று எழுதினால் போட்டியாளர் இன்னொரு பாகம் சேர்த்தாலும் பிடிபடுவார். ‘கன்சிஸ்டிங் ஆஃப்’ (இவை மட்டுமே கொண்ட) என்றால் கதவை நாமே அடைத்துக்கொள்கிறோம்.

இந்தியாவில் வக்கீலோ முகவரோ இல்லாமல் கண்டுபிடித்தவரே விண்ணப்பிக்கலாம். தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பிக்க 1,600 ரூபாய். அதில் 30 பக்கமும் 10 கிளெய்மும் அடங்கும். பரிசோதனைக்குத் தனிக் கட்டணம் உண்டு. மருந்து, வேதிப்பொருள், மென்பொருள் என்றால் மட்டும் தனியாக இறங்காதீர்கள் என்பேன். எதற்கெல்லாம் காப்புரிமை கிடையாது என்று சொல்லும் காப்புரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு அங்கே காலை வாரும்.

விண்ணப்பம் போன பிறகு கிளெய்மைச் சுருக்கலாம், விரிக்க முடியாது. அதே சட்டத்தின் 59-ஆம் பிரிவு அதற்கு இடம் தராது. கிளெய்மில் சொல்வதற்கெல்லாம் விளக்கப் பகுதியில் ஆதாரமும் இருக்க வேண்டும். எனவே காந்தம், கிளிப், திருகு, வழுக்கிச் செருகும் பள்ளம் என்று கிண்ணத்தை மாட்டும் வழி எத்தனை தோன்றுகிறதோ அத்தனையையும், நீங்கள் செய்துபார்க்காதவை உட்பட, விண்ணப்பிக்கும் நாளிலேயே விளக்கத்தில் எழுதிவிடுங்கள்.