சொல் விளக்கம்: இறையழைத்தல்

ஏப்ரல் கடைசி. குன்னூரில் மாலை நான்கு மணிக்கே மேகம் இறங்கி எதிர்வீட்டுத் தகரக் கூரையை மறைத்துவிட்டது. அக்கா மகள் சமையலறை மேசையில் ஒரு படிவத்தை விரித்து வைத்துக்கொண்டு, வர்க்கியை டீயில் நனைத்தபடி யோசித்துக்கொண்டிருந்தாள். இத்தாலியின் அசிசி நகர்ப் புனித பிரான்சிசின் வழியில் வந்த பிரான்சிஸ்கன் சிஸ்டர்கள் நடத்தும் மூன்று நாள் முகாமுக்கான படிவம். துறவற வாழ்வுக்குக் கடவுள் தன்னை அழைக்கிறாரா என்று யோசித்துப் பார்ப்பதற்கான முகாம். மேலே ‘வொகேஷன் கேம்ப்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. உள்ளே ‘தங்கள் அழைத்தலைப் பற்றிப் பத்து வரிகள்’ என்று ஒரு கட்டமும், ‘அழைத்தலை உணர்ந்த நாள்’ என்று ஒரு கோடும் இருந்தன.

“சித்தி, இதுக்கு நேர் தமிழ் எது? அழைப்புன்னு எழுதினா தப்பா? வொகேஷன்னாலே எனக்கு ப்ளஸ் டூ குரூப்தான் ஞாபகம் வருது.”

அவள் சொன்னது வேடிக்கைக்கு இல்லை. மேல்நிலை வகுப்பில் அவள் எடுத்தது வொகேஷனல் குரூப், அதில் செவிலியம். பிறகு நர்சிங் முடித்து, இரண்டு வருடமாக வேலையும் பார்க்கிறாள். இருபத்தெட்டு வருடம் தமிழ் நடத்தியவள் நான். அன்று வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பினேன். அது போதாது என்று தோன்றியதால் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

மூலத்திலிருந்து தொடங்கலாம். லத்தீனில் ‘வொக்காரே’ என்றால் கூப்பிடுவது. அதிலிருந்து வந்த பெயர் ‘வொக்காத்சியோ’. இரண்டுக்கும் அடியில் இருப்பது ‘வோக்ஸ்’, அதாவது குரல். இந்த வோக்ஸும் வடமொழியின் ‘வாக்’கும் ஒரே மூதாதைச் சொல்லின் பிள்ளைகள். வடமொழி வழியே நம்மிடம் வந்து தங்கிவிட்ட ‘வாக்கு’ அந்த வகையில் வொகேஷனுக்குத் தூரத்து உறவு. ஊர்ப்பெயர் தெரியாத அந்நியச் சொல் என்று அதை ஒதுக்க முடியாது.

குரல் எப்படித் தொழிற்கல்வி ஆனது? 16-ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூத்தர், செருப்புத் தைப்பவரும் பால் கறப்பவரும் தத்தம் வேலையிலேயே கடவுளால் அழைக்கப்பட்டவர்கள் என்று வலியுறுத்தினார். அதற்கு அவர் எடுத்தாண்ட ‘பெரூஃப்’ என்ற ஜெர்மன் சொல்லுக்குள்ளும் ‘கூப்பிடு’ என்ற வினை இருக்கிறது. காலப்போக்கில் கூப்பிட்டவர் மறைந்து வேலை மட்டும் மிஞ்சியது. அந்த மிச்சம்தான் நம் பள்ளிக்கூடத்து வொகேஷனல் குரூப். ஆகவே என் அக்கா மகளுக்கு வந்த குழப்பம் நானூறு, ஐந்நூறு வருடத்துக் குழப்பம். அவள் மேல் தவறில்லை.

சரி, தமிழுக்கு வருவோம். வீடுகளில் யாரும் ‘இறையழைத்தல்’ என்று பேசுவதில்லை. “அவ மடத்துக்குப் போயிட்டா”, “சிஸ்டருக்குப் படிக்கிறா”, “மூத்தவன் சாமியாருக்குப் படிக்கிறான்” என்பதுதான் பேச்சு. (மடம் என்றால் கன்னியர் மடம், சாமியார் என்றால் கத்தோலிக்கக் குருவானவர்.) இவை உயிருள்ள பேச்சு. ஆனாலும் மூன்று வாக்கியங்களையும் திரும்பச் சொல்லிப் பாருங்கள். போகிறவள் இருக்கிறாள், படிக்கிறவன் இருக்கிறான், கூப்பிட்டவரைக் காணோம். மணியகாரர் வேலைக்குப் படிப்பது போல ‘சாமியாருக்குப் படிப்பு’ ஒலிக்கிறது. என் அக்கா, “ஒரே பொண்ணு, அவளும் மடத்துக்குப் போறேங்கிறா” என்று அழுதபோது, மகள் தன்னை விட்டுப் போகிறாள் என்பது மட்டும்தான் அந்த வாக்கியத்தில் இருந்தது.

ஏட்டில் பழைய வழக்கு ‘தேவ அழைத்தல்’. என் அம்மா வைத்திருந்த செபப் புத்தகத்தில் அப்படித்தான் அச்சாகியிருந்தது. 1962 முதல் 1965 வரை உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடி நடத்திய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு வழிபாடு தமிழுக்கு மாறியது. அப்போது தேவ, சர்வேசுர என்று வந்த இடங்களில் ‘இறை’ மெல்ல வந்து உட்கார்ந்தது. இறைவாக்கு, இறைமக்கள், இறையழைத்தல் எல்லாம் அந்த வரவுதான். ‘இறை’ பழைய தமிழ்ச்சொல். குறளில் இறைமாட்சி என்ற அதிகாரம் அரசனைப் பற்றியது. ஆளுகிறவனைக் குறித்த சொல் ஆண்டவனுக்கு ஆனதில் பொருத்தம் இருக்கிறது.

இனி அவள் கேட்ட கேள்வி: அழைப்பா, அழைத்தலா? இலக்கணப்படி இரண்டும் தொழிற்பெயர்தான். ஒன்றுக்கு ‘பு’ விகுதி, மற்றதற்குத் ‘தல்’. ஆனால் வழக்கில் இரண்டும் வேறு வேறு வழியில் போய்விட்டன. ‘பு’ பெரும்பாலும் செயலை இறுக்கி ஒரு பொருளாக்கிவிடுகிறது. படித்தல் நடக்கிறது, படிப்பு முடிகிறது. அதுபோல அழைப்பு என்றால் கையில் வாங்கி வைக்கக்கூடிய ஒன்று: கல்யாண அழைப்பு, மாப்பிள்ளை அழைப்பு, அழைப்பு மணி, போனில் தவறிப்போன அழைப்பு. அதில் நாள், நேரம், இடம் எல்லாம் இருக்கும். ஒருமுறை வரும், அவ்வளவுதான். அழைத்தல் முடியாதது. நேற்றும் கூப்பிட்டார், இன்றும் கூப்பிடுகிறார் என்பதற்கு அது இடம் தருகிறது. அதனால் என் தீர்ப்பு இறையழைத்தல் பக்கம். அழைப்பு பிழை என்று அடித்துத் திருத்த மாட்டேன், ஆனால் ஒரு மாணவி எழுதினால் ஓரத்தில் கோடு போடுவேன்.

இங்கே தமிழ் இலக்கணம் ஒரு பரிசு வைத்திருக்கிறது. லத்தீன் இலக்கணத்தில் கூப்பிடும் வேற்றுமைக்கு ‘வொக்காத்தீவுஸ்’ என்று பெயர், அதே வொக்காரேதான். நம்மிடம் அது எட்டாம் வேற்றுமை, விளி. தொல்காப்பியம் அதற்கென்றே விளிமரபு என்று ஒரு தனி இயல் வைத்திருக்கிறது. விளியில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். தம்பி ‘தம்பீ’ ஆகிறான், கண்ணன் ‘கண்ணா’ ஆகிறான், மரியாள் ‘மரியே’ ஆகிறாள். கூப்பிட்ட மாத்திரத்தில் பெயரின் கடைசி நீள்கிறது, கெடுகிறது, திரிகிறது. கூப்பிடப்பட்ட பெயர் பழையபடி இருப்பதில்லை. மடங்களில் வார்த்தைப்பாடு கொடுக்கிறவர்கள் புதுப்பெயர் ஏற்கும் பழக்கத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு விளிமரபுதான் நினைவுக்கு வரும். (வார்த்தைப்பாடு! ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற மூன்றையும் வாய்திறந்து ஒப்புக்கொடுப்பதற்கு நம் முன்னோர் வைத்த பெயர். தமிழ்க் கத்தோலிக்கருடைய சொற்களில் எனக்கு மிகப் பிடித்தது இது.)

குரல் வந்தாலும் அது யாருடையது என்று தெரிய வேண்டுமே. விவிலியத்தில் சிறுவன் சாமுவேல் இரவில் பெயர் சொல்லிக் கூப்பிடும் குரலைக் கேட்டு மூன்று முறை குரு ஏலியிடம் ஓடுகிறான். “நான் கூப்பிடவில்லை, போய்ப் படு” என்கிறார் கிழவர். மூன்றாம் தடவைதான் ஏலிக்கே உறைக்கிறது. அசிசி நகர் பிரான்சிசும் முதலில் தவறாகத்தான் புரிந்துகொண்டார். இடிந்துகிடந்த சான் தமியானோ கோவிலில் சிலுவையின் முன் நின்றபோது ‘என் வீட்டைப் பழுதுபார்’ என்று கேட்டது. அவர் கல்லும் சுண்ணாம்பும் சேகரிக்கப் போனார். பழுதுபார்க்க வேண்டியது சுவர் மட்டும் இல்லை என்பது பிறகு தெரிந்தது. 1209-இல் பாப்பரசர் மூன்றாம் இன்னசென்ட் வாய்மொழியாக ஒப்புதல் தந்தபோது தன் கூட்டத்தாருக்கு அவர் ஏற்ற பெயர் ‘சிறிய சகோதரர்கள்’. அவர் கடைசிவரை குருவானவர் ஆகவில்லை. அழைத்தல் என்றாலே சாமியார் ஆவது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கல்யாணம் ஆனவர்களுக்கும் பிரான்சிசின் வழியில் மூன்றாம் சபை இருக்கிறது.

இதற்கெல்லாம் இத்தாலிவரை போக வேண்டியதில்லை. குன்னூரிலிருந்து ஒரு மணி நேரம் பஸ் ஏறினால் ஊட்டி. எஃப்.எம்.எம். சிஸ்டர்கள் என்று நாம் சொல்லும் மரியாவின் பிரான்சிஸ்கன் மறைப்பணியாளர் சபை உலகின் பல கண்டங்களில் பரவியிருக்கிறது. அது பிறந்த இடம் ஊட்டி. நிறுவியவர் எலேன் தெ ஷாப்போத்தேன், 1839-இல் பிரான்சின் நாந்த் நகரில் பிறந்தவர். 1860-இல் பிரான்சிசின் வழியில் வந்த கிளாரா சபை மடத்தில் சேர்ந்தார். சேர்ந்த கொஞ்ச நாளில் நோய் வந்து வீட்டுக்குத் திரும்ப நேர்ந்தது. 1864-இல் மரி ரெப்பாராத்ரிஸ் என்ற வேறொரு சபையில் சேர்ந்தார். அங்கே கிடைத்த பெயர் திருப்பாடுகளின் மரியா. மறு வருடமே, நவதுறவியாக, அதாவது வார்த்தைப்பாட்டுக்கு முந்தைய பயிற்சியில் இருக்கும்போதே, மதுரை மறைமாநிலத்துக்கு அனுப்பப்பட்டார். 1867-இல் அங்கே சபையின் மாநிலத் தலைவி ஆனார். 1874-இல் ஊட்டியில் ஒரு மடம் தொடங்கியது. மலைரயில் குன்னூருக்கு வந்ததே 1899-இல்தான். ரயில் இல்லாத அந்த நாளில் மலைப்பாதை வழியாக அவர்கள் ஏறி வந்த காட்சியை நான் பலமுறை மனதில் பார்த்திருக்கிறேன்.

பிறகு ரெப்பாராத்ரிஸ் சபைக்குள் மனவேறுபாடு. 1876-இல் அவரோடு சேர்த்து இருபது பேர் பிரிந்து, கோவை ஆயர் ஜோசப் பர்தூவின் பொறுப்பில் ஊட்டியில் கூடி வாழ்ந்தார்கள். பிரிந்து வந்தவர்களுக்குப் பெயர்கூட இல்லை. 1877 ஜனவரி 6 அன்று பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் ‘மரியாவின் மறைப்பணியாளர்’ என்ற சபைக்கு அனுமதி தந்தார். அப்போதும் பிரான்சிஸ் அந்தப் பெயரில் இல்லை! 1882 அக்டோபர் 4, பிரான்சிசின் திருநாளன்றுதான் உரோமையில் திருப்பாடுகளின் மரியா மூன்றாம் சபையில் ஏற்கப்பட்டார். 1885-இல் சபையும் பிரான்சிஸ்கன் குடும்பத்தோடு இணைந்தது. நடுவில், 1883-இல் அவரைத் தலைமையிலிருந்தே விலக்கினார்கள். விசாரணையில் குற்றமில்லை என்று தெரிந்து 1884-இல் மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். 1904-இல் அவர் இறந்தபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சகோதரிகள், 86 மடங்கள். 2002-இல், புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் கிடைத்தது. ஊட்டியில் நாசரேத் கான்வென்ட் தெரியாதவர்கள் குறைவு, அதை நடத்துவது இவர்கள்தான்.

இருபத்தோரு வயதில் பிரான்சிசின் வாசலில் நுழைந்து, வெளியே வந்து, மறுபடி அதே வாசலுக்கு வந்து சேர இருபத்திரண்டு வருடம். படிவத்தில் ‘அழைத்தலை உணர்ந்த நாள்’ என்ற கோட்டில் இந்த அம்மையார் எந்தத் தேதியை எழுதியிருப்பார்?

கோட்டை நிரப்புவதற்கு முன், கேட்டது அழைத்தல்தானா என்று ஆராய்ந்து முடிவெடுக்கும் காரியத்துக்கு இப்போது ‘தெளிந்து தேர்தல்’ என்று எழுதுகிறார்கள். நல்ல சொல். ஆனால் ஒரு சின்னக் குறை. தெளிவு முதலில், தேர்வு பின்னால் என்பது போல அது ஒலிக்கிறது. குறளின் 51-ஆம் அதிகாரம் ‘தெரிந்து தெளிதல்’. அமைச்சர்களை ஆராய்ந்து நம்புவதைப் பற்றியது என்றாலும் வரிசை சரியாக இருக்கிறது: முதலில் ஆராய்வது, அப்புறம் தெளிவது. அதன் கடைசிக் குறள் ஆராயாமல் நம்புவதும் நம்பியபின் சந்தேகப்படுவதும் இரண்டுமே தீராத துன்பம் என்கிறது. ஒரு நவதுறவிக்கு இதைவிட நேராக யாரும் சொல்ல முடியாது.

திருச்சபைச் சட்டமும் அவசரப்படுவதில்லை. 17 வயது நிறையாதவரை நவதுறவில் சேர்க்கக் கூடாது. பயமுறுத்தியோ ஏமாற்றியோ சேர்த்திருந்தால் அது செல்லாது. நவதுறவு குறைந்தது 12 மாதம், அந்தக் காலத்தில் எப்போது வேண்டுமானாலும் வெளியேறலாம். அதற்குப் பிறகு குறைந்தது மூன்று வருடமாவது தற்காலிக வார்த்தைப்பாடு. நித்திய வார்த்தைப்பாட்டுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். திரும்பி வந்த பெண்ணை ‘மடத்துல இருந்து ஓடி வந்தவ’ என்று சொல்கிற ஊர்வாய் எனக்குக் கோபத்தை மூட்டும். அவள் தேர்ந்து பார்த்தாள். அந்தக் காலம் அதற்குத்தான் வைக்கப்பட்டிருக்கிறது.

‘எனக்கு வொகேஷன் இருக்கு’ என்ற பேச்சும் எனக்கு உறுத்தும். ஏதோ நிலபுலன் இருப்பது போல. அழைத்தல் என்ற சொல்லுக்குப் பொருந்தும் வினை ‘கேட்கிறது’. தமிழில் கேட்பதற்கு இரண்டு பொருள்: காதால் கேட்பது, வாய்விட்டு விசாரிப்பது. இறையழைத்தலில் இரண்டுமே வேண்டும். நோயாளியின் பக்கத்தில் இரவுப்பணி பார்க்கும்போது உள்ளே ஒன்று கேட்கிறது என்கிறாள் என் அக்கா மகள். நல்லது, அப்புறம் அதையே சிஸ்டர்களிடம், பங்குச்சாமியிடம், அம்மாவிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும். சேவையைக் குறிக்கும் ‘பணி’யிலும் இதே போல இரண்டு இருக்கின்றன: செய்கிற வேலை, குனிகிற வணக்கம். சிறிய சகோதரர் என்று பெயர் ஏற்றவரின் குடும்பத்துக்கு ‘சேவை’யைவிட ‘பணி’ நெருக்கம்.

எழுதும் முறை பற்றி ஒன்று. முகாம் பேனர்களில் ‘இறைஅழைத்தல்’ என்று அடிக்கிறார்கள். ஐகாரத்துக்குப் பின் உயிர் வந்தால் யகர உடம்படுமெய் வரும், ஆகவே ‘இறையழைத்தல்’ என்று சேர்த்து எழுதுங்கள்.

அன்று அவள் பத்து வரியில் ஆறு வரி எழுதினாள். தேதிக் கோட்டை அப்படியே விட்டுவிட்டாள். மழை பிடித்துக்கொண்டதால் படிவத்தைப் பால் கவருக்குள் சொருகி, “அம்மாகிட்ட நாளைக்குப் பேசணும், நீங்களும் கூட வாங்க சித்தி” என்றாள்.