மொட்டு மட்டும் போதாது: பழைய அஞ்சல்தலைகளில் டை பார்ப்பது எப்படி

கொஞ்ச நாள் முன்பு ஒருவர் தன் ஆல்பத்தை மதிப்பீட்டுக்குக் கொண்டுவந்தார். கரீபியனில் பிரிட்டிஷ் காலனியாக இருந்த லீவர்ட் தீவுகளுக்கான பக்கத்தில், ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட ஒரு சிறிய அஞ்சல்தலை. கீழே பென்சிலில் ‘முதல் டை, 1912’ என்று எழுதியிருந்தது. டை சரிதான், ஆண்டுதான் தப்பு. அந்தத் தப்பு அவருக்கு நல்லதாகவே முடிந்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

டை என்பது மூல அச்சு. எஃகில் ஒருமுறை செதுக்கி, அதிலிருந்து பிளேட்டுகள் எடுப்பார்கள். லண்டனில் டி லா ரூ நிறுவனம் சிக்கனமாக ஒரு வழி வைத்திருந்தது. மன்னர் தலையும் சட்டமும் ஒரு பிளேட்டில். காலனியின் பெயரும் மதிப்பும் இன்னொரு பிளேட்டில். அதனால் ஒரே டை பல காலனிகளுக்கு உழைத்தது. லீவர்ட் தீவுகளில் கற்றுக்கொண்டது, பினாங்குக்குப் போன தாத்தாவின் பெட்டியில் கிடைக்கும் ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மென்ட்ஸ் (பினாங்கு, சிங்கப்பூர் அடங்கிய பிரிட்டிஷ் காலனி) அஞ்சல்தலைகளிலும் கைகொடுக்கும்.

இந்த ஐந்தாம் ஜார்ஜ் பொது டைக்கு 1920 வாக்கில் ஒரு மாற்று வந்தது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இருந்தால் மூன்று இடங்களைப் பாருங்கள். நாட்டின் பெயருக்குக் கீழே இரண்டாவதாக வரும் தடித்த கோடு, கிரீடத்துக்கு இடம்விட்டு இருபுறமும் வெட்டப்பட்டிருக்கும். முதல் டையில் அந்த வெட்டு கிரீடத்தின் வடிவத்தை ஒட்டிச் சாய்ந்து போகும். இரண்டாம் டையில் கத்தியால் நறுக்கியதுபோல் செங்குத்து. அடுத்தது, ‘போஸ்டேஜ்’, ‘அண்ட் ரெவின்யூ’ என்ற சொற்களைத் தாங்கிய பட்டைகள். முதல் டையில் இவற்றின் உள்பக்க மேல்மூலை சதுரம். இரண்டாம் டையில் மேலே உள்நோக்கி வளைந்திருக்கும். கடைசியாக, கீழ் மூலைகளில் உள்ள அலங்காரத்தின் வெளிச்சுருள். அதில் ஒரு சின்ன மொட்டு நீட்டிக்கொண்டிருந்தால் முதல் டை, இல்லாவிட்டால் இரண்டாவது.

எல்லோரும் மொட்டைத்தான் தேடுகிறார்கள். சொல்ல எளிது, நினைவிலும் நிற்கும். ஆனால் மூன்றில் நான் குறைவாக நம்புவது அதைத்தான். மை அதிகமானால் மொட்டு மூழ்கிவிடும். அஞ்சலக முத்திரை மேலே விழுந்தால் மறைந்துவிடும். மொட்டைக் காணோம், ஆனால் பட்டையின் மூலை சதுரமாக இருக்கிறது என்றால் அது முதல் டைதான். ‘அபூர்வ இடைநிலை டை’ என்று யாராவது விலை சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

சரி, அந்த லீவர்ட் தலைக்கு வருவோம். திருப்பிப் போட்டு, தாளிலேயே பதிந்திருக்கும் நீர்க்குறியைப் பார்த்தேன். 1912 வெளியீடு என்றால் கிரீடத்துடன் ‘சிஏ’ (கிரவுன் ஏஜென்ட்ஸ்) எழுத்துகள் அச்செழுத்தாக இருக்க வேண்டும். இதில் கையெழுத்துபோலச் சரிந்து ஓடின. அந்த நீர்க்குறித் தாள் 1921இல்தான் புழக்கத்துக்கு வந்தது. லீவர்ட் தீவுகளில் இரண்டாம் டைக்கு மாறிய பிறகு, 1931–32இல் மறுபடியும் முதல் டையிலிருந்து எடுத்த பிளேட்டை எடுத்து அச்சடித்துவிட்டார்கள். சாதாரணத் தலை என்று அவர் ஒதுக்கி வைத்திருந்தது அந்தக் குறுகிய காலத்து அச்சு. டையைப் பார்த்து ஆண்டை ஊகிப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

இந்தியத் தலைகளில் சிக்கல் வேறு மாதிரி. 1854இல் கல்கத்தாவில் கல்லச்சில் அடித்த அரையணா, ஓரணா இரண்டிலும் மும்மூன்று டைகள் உண்டு. ஓரணாவின் மூன்றாம் டையில் விக்டோரியா அரசியின் மார்பளவு உருவத்தின் முனை கூராக முடியும். நல்ல பிரதியில் இது வெறும் கண்ணுக்கே தெரியும். ஆனால் கல்லுக்கு மாற்றும்போது ஏற்பட்ட கீறலும் மழுங்கலும் ஏராளம். டை வேறுபாடு என்றால் அந்த டையிலிருந்து வந்த எல்லாத் தலைகளிலும் இருக்கும். ஒரு தலையில் மட்டும் இருந்தால், அது ஷீட்டில் ஓர் இடத்துக் குறை மட்டுமே. ஐந்தாம் ஜார்ஜ் ஒன்றரையணாவில் முதலில் ‘அணா’ என்று ஒருமையில் அடித்துவிட்டு 1921 வாக்கில் பன்மைக்குத் திருத்தினார்கள். அது வாசகமே மாறியது. அதையும் டை வகையோடு குழப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. நன்றாகத் தெரியட்டும் என்று தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். முத்திரையைக் கழுவி மறுபடி பயன்படுத்துவதைத் தடுக்க, தண்ணீர் பட்டாலே கரையும் மையை டி லா ரூ பல தலைகளில் பயன்படுத்தியது. ஊறப்போட்டால் டையும் தெரியாது, நிறமும் மிஞ்சாது.

இணையத்தில் வாங்குகிறவர்கள் முழுத் தலையின் படத்தோடு திருப்தி அடைய வேண்டாம். கிரீடத்தின் இருபுறமும், பட்டையின் மூலையும், கீழ்ச்சுருளும் தெரிகிற மாதிரி பெரிதாக ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லுங்கள். கூடவே பின்பக்கத்தையும் கேளுங்கள். படம் தர மறுக்கிறவரிடம் டைக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.