எந்தப் படம் எத்தனை மடங்கு பொய்? ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸுக்கு ஒரு டயர் கணக்கு

கோலாலம்பூர் செந்தூலில் காடி (கார்) வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் சனிக்கிழமை இரவு கடையைச் சாத்திவிட்டு மாமாக் கடைக்கு வந்து உட்கார்ந்தால், தே தாரிக் ஆறுவதற்குள் ஒரு சண்டை நிச்சயம். ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ் வரிசையில் எது முதல், எது கடைசி? 2001-இல் தொடங்கி 2023 வரை முதன்மை வரிசையில் மட்டும் பத்துப் படம், எங்கள் மேசையில் நாலு பேர், ஆளுக்கொரு பட்டியல். ஒருவருக்குப் பாட்டு பிடிக்கும், ஒருவருக்கு ஹான் என்ற பாத்திரம் பிடிக்கும். இப்படிப் போனால் விடிந்துவிடும் என்பதால் நான் ஒரு அளவுகோல் வைத்தேன்: ஒவ்வொரு படத்திலும் பேர் போன ஒரு காட்சியை எடு, அது நிஜமாக நடக்க இயற்பியலை எத்தனை மடங்கு இழுக்க வேண்டும் என்று பார். இரண்டு மடங்கா, பத்து மடங்கா, நூறு மடங்கா? "முடியுமா முடியாதா" என்று கேட்டால் எல்லாமே முடியாது என்று முடிந்துவிடும். எத்தனை மடங்கு என்று கேட்டால்தான் வித்தியாசம் தெரியும்.

இந்தக் கணக்கில் முக்கால்வாசி டயரைப் பற்றியது. ஒரு டயர் ரோட்டைத் தொடும் இடம் ஏறக்குறைய நம் உள்ளங்கை அளவுதான். அந்தப் பிடிமானத்தை டயரின் மாதச் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த தார் ரோட்டில், டயர் மேல் விழும் எடை எவ்வளவோ அதில் சுமார் 0.9 பங்கு சம்பளம். மழை பெய்தால் பாதியாகிவிடும், நம் ஊர் மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வேகம் எடுக்கவும் பிரேக் போடவும் வளைவில் திரும்பவும் இந்த ஒரே சம்பளத்தில்தான் செலவு செய்ய வேண்டும், ஓவர்டைம் எல்லாம் கிடையாது.

2006-இல் வந்த டோக்கியோ டிரிஃப்ட் முழுக்க இதுதான். பின்சக்கர இழுவை உள்ள காரில் ஹேண்ட்பிரேக்கை இழுத்தோ ஆக்சிலேட்டரை அமுக்கியோ பின் டயர்களின் சம்பளம் மொத்தத்தையும் காலி செய்துவிட்டால் திரும்புவதற்கு அவற்றிடம் காசு இருக்காது. உருளும் டயரில் ரோட்டைத் தொடும் பகுதி அந்தக் கணம் அசையாமல் ஒட்டிக்கொண்டு இருக்கிறது. வழுக்கத் தொடங்கியதும் பிடிமானம் இன்னும் குறைகிறது. வால் வெளியே போகும். முன் டயர்களிடம் இன்னும் சம்பளம் மிச்சம் இருப்பதால் ஓட்டுநர் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பி, ஆக்சிலேட்டரைக் கூட்டிக் குறைத்து, சுழன்று போகாமல் அந்த நிலையிலேயே காரை நிறுத்தி வைக்கிறார். நம் ஊர் சின்னக் காடியான மைவியில் இது ஏன் வராது என்று பையன்கள் கேட்பார்கள். அது முன்சக்கர இழுவை, இழுப்பதும் திரும்புவதும் முன் டயரின் தலையிலேயே, பின் டயர் சும்மா கூட வருகிறது, ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் அதற்குச் சம்பந்தமில்லை. ஹேண்ட்பிரேக்கில் வாலைச் சறுக்க வைக்கலாம், அந்தச் சறுக்கலைத் தொடர முடியாது.

அந்தப் படத்தில் டிரிஃப்ட் பெரும்பாலும் நிஜமாகவே ஓட்டி எடுத்தது. டிரிஃப்ட் கிங் என்று ஜப்பானில் பெயர் எடுத்த கெய்ச்சி சுச்சியா ஆலோசனைக்கு வந்தவர், மீன் பிடிக்கும் ஆளாகத் தலையும் காட்டியிருப்பார். ஒரே ஒரு பொய், வழுக்கிப் போனால் வேகமாகப் போகலாம் என்று நினைக்க வைப்பது. தார் ரோட்டில் வழுக்காமல் திரும்புகிறவன்தான் முந்துவான். மற்றபடி மதிப்பெண் 1 மடங்கு, அதாவது பொய்யே இல்லை.

முதல் படத்துக்கு வருவோம். நைட்ரஸ் பட்டனை அமுக்கியதும் உலகமே கோடு கோடாக நீளும். நைட்ரஸ் ஆக்சைடு தானாக எரியாது, வெடிபொருளும் அல்ல. அதன் வேலை ஆக்சிஜனைச் சுமந்து வருவது. சாதாரணக் காற்றில் எடைக்கணக்கில் 23 சதவீதம் ஆக்சிஜன், நைட்ரஸில் 36 சதவீதம். எஞ்சினுக்குள் சுமார் 300 டிகிரி சூட்டில் அது நைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிகிறது, ஆக்சிஜன் கூடினால் கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம். அதோடு, பாட்டிலில் திரவமாக இருப்பது வெளியே வந்து ஆவியாகும்போது உள்ளே போகும் காற்றைக் குளிரவைக்கிறது, குளிர்ந்த காற்று அடர்த்தியானது, ஒவ்வொரு மூச்சிலும் இன்னும் கொஞ்சம் ஆக்சிஜன். 200 குதிரைச்சக்தி எஞ்சினுக்கு இன்னொரு 100 கிடைக்கலாம், அதுவும் சில விநாடிகளுக்கு. விண்கலம் மாதிரிப் பாயாது. 2 மடங்குக்குள் அடங்கும் பொய் என்று எழுதிக்கொண்டேன். ("அந்தக் காடிக்கு எத்தனை கியர்லா, மாத்திக்கிட்டே இருக்கான்" என்று அண்ணன் இருபது வருஷமாகக் கேட்கிறார், அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.)

மடங்கு குறைந்தால் மேலே என்பதுதான் கணக்கு, ஆனாலும் என் முதலிடம் பொய்யே இல்லாத படத்துக்கு அல்ல, கண்ணுக்குத் தெரியாமல் பொய் சொல்லும் ஐந்தாவது படத்துக்கு. 2011-இல் வந்தது. ரியோ நகரத் தெருவில் இரண்டு டாட்ஜ் சார்ஜர்கள் ஒரு வங்கிப் பெட்டகத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு ஓடும். எஞ்சினின் சக்தியைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள், ஆனால் எஞ்சின் எவ்வளவு கத்தினாலும் டயர் வாங்கும் சம்பளத்துக்கு மேல் இழுக்க முடியாது. ஒரு சார்ஜர் சுமார் 2 டன், பின்சக்கரத்தின் மேல் ஏறக்குறைய 1 டன். 0.9-ஆல் பெருக்கினால் ஒரு காருக்கு 0.9 டன் இழுவிசை, இரண்டுக்கும் சேர்த்து 1.8. பெட்டகம் 8 டன் என்று வையுங்கள், இரும்பு ரோட்டில் உரசும்போது எடையில் 0.4 பங்காவது எதிர்க்கும், அது 3.2 டன். 1.8-ஐ வைத்துக்கொண்டு 3.2-ஐ இழுக்க முடியாது. டயர் புகையும், பெட்டகம் நகராது. ரயில் எஞ்சினை ஏன் அவ்வளவு கனமாகச் செய்கிறார்கள் என்றால் இதற்காகத்தான், எடை இருந்தால்தான் சக்கரத்துக்குச் சம்பளம்.

ஆனால் பொய் வெறும் 2 மடங்குக்கும் கீழே! பெட்டகம் ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் எதிரே வரும் போலீஸ் கார்களைத் தகர டப்பா மாதிரி நசுக்குவது முழுக்க நியாயம், 8 டன்னுக்கு முன் 2 டன் என்ன செய்யும். இந்த அளவு பொய்யை நம் கண் கண்டுபிடிக்காது, லாரி எவ்வளவு இழுக்கும் என்று நமக்கு உத்தேசமாகத்தானே தெரியும். படம் எடுத்தவர்களுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. படப்பிடிப்பு புவெர்ட்டோ ரிக்கோவில் நடந்தது. செய்துவைத்த பெட்டகங்களில் ஒன்றுக்குள் ஒரு வண்டியையே பொருத்தி, ஒரு ஸ்டண்ட் ஓட்டுநரை உள்ளே உட்காரவைத்து, பெட்டகத்தையே ஓட்டியிருக்கிறார்கள்.

ஏழாவது படம் நம் ஆள் எடுத்தது. ஜேம்ஸ் வான் கூச்சிங்கில் பிறந்தவர். அபுதாபியில் லைக்கன் ஹைப்பர்ஸ்போர்ட் கார் ஒரு கோபுரத்திலிருந்து அடுத்த கோபுரத்துக்குப் பாயும், போதாதென்று அங்கிருந்து இன்னொன்றுக்கும். இதை நம் இரட்டைக் கோபுரத்தில் செய்தால் என்ன? நடுவே இருக்கும் வான்பாலம் 58 மீட்டர். ஓட்டம் எடுக்க 45 மீட்டர் தளம், லிஃப்ட் சுவர் எதுவும் குறுக்கே இல்லை என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். லைக்கன் 2.8 விநாடியில் 100 கிலோமீட்டர் வேகம் எடுக்கும் கார், அந்தக் கணக்கில் விளிம்பை எட்டும்போது மணிக்கு 107. (வழுவழுப்பான தரையில் டயரின் சம்பளம் இன்னும் குறைவு, அதையும் விட்டுவிடுவோம்.) 58 மீட்டரைத் தாண்ட 1.95 விநாடி. அதற்குள் கார் 18 மீட்டருக்கு மேல் கீழே விழுந்திருக்கும், அதாவது நாலைந்து மாடி. எதிர்க் கோபுரத்தின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போய்விடும், உண்மையிலேயே!

தாண்டுவது பிரச்சினை இல்லை, இறங்குவதுதான். கீழ்நோக்கி மட்டும் மணிக்கு 69 கிலோமீட்டர் வேகம். அதை நிறுத்த சஸ்பென்ஷனும் காரின் அடிப்பகுதியும் சேர்ந்து ஒரு 30 சென்டிமீட்டர் நசுங்கும் என்றால் உள்ளே இருப்பவரின் முதுகெலும்பில் ஏறக்குறைய 60 ஜி, அதாவது அவர் எடையைப் போல் 60 மடங்கு விசை. போர் விமானத்திலிருந்து விமானியைத் தூக்கி எறியும் இருக்கை 12 முதல் 20 ஜி கொடுக்கும், அதிலேயே முதுகு உடைந்தவர்கள் உண்டு. ஆக 3 மடங்கு. அதோடு, முன்சக்கரம் விளிம்பைத் தாண்டியதும் மூக்கு தாழத் தொடங்கும், பின்சக்கரம் இன்னும் தரையில்தானே இருக்கிறது, கார் தலைகுப்புறத்தான் போய்ச் சேரும். அதே படத்தில் விமானத்திலிருந்து கார்களைத் தள்ளுவார்கள் பாருங்கள், எல்லாரும் சிரித்த காட்சி, அதில் நிஜக் கார்களை பாராசூட் கட்டி நிஜமாகவே தள்ளி எடுத்தார்கள்.

ஆறாவது படத்தில்தான் எங்களுக்குள் தகராறு. ஓடுபாதையில் அன்டோனோவ் விமானம், பத்து நிமிடத்துக்கு மேல் ஓடிக்கொண்டே இருக்கும். மணிக்கு 160 என்று குறைத்துப் போட்டாலும் 27 கிலோமீட்டர் ஓடுபாதை வேண்டும், பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வரை நேர்கோடு போட்ட மாதிரி. நம் விமான நிலையத்தில் இருப்பது சுமார் 4 கிலோமீட்டர். 7 மடங்கு என்று எழுதப் போனேன், அண்ணன் தடுத்தார். "ஒரே நேரத்துல நடக்கிற அஞ்சு சண்டைய ஒன்னொன்னா காட்றாங்க, அப்போ ரெண்டு நிமிஷந்தானேலா?" போட்டுப் பார்த்தால் 5.3 கிலோமீட்டர், 1.3 மடங்குதான். ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆனால் அதே படத்தில் கதாநாயகன் டொமினிக் பாலத்தின் மேல் பறந்து காதலி லெட்டியைப் பிடித்து ஒரு கார் கண்ணாடியில் விழுவாரே, அதை அண்ணனால் காப்பாற்ற முடியவில்லை. மணிக்கு 70 வேகத்தில் விழுந்து 10 சென்டிமீட்டரில் நின்றால் 190 ஜி. ஒன்பது மடங்கு. ஆறாவது கீழே போயிற்று.

ஒன்பதாவதில் காரின் தலையில் ராக்கெட்டைக் கட்டி விண்வெளிக்குப் போய்விட்டார்கள். அவர்களை அள்ளிக்கொள்ளும் சர்வதேச விண்வெளி நிலையம் மணிக்கு 27,600 கிலோமீட்டரில் சுற்றுகிறது, ஒரு நல்ல கார் 250. 2007-இல் நம் அங்காசவான் (விண்வெளி வீரர்) ஷேக் முசாபர் அங்கே போனபோது 7 டன் சோயுஸ் விண்கலத்தைத் தூக்க 300 டன் ராக்கெட் தேவைப்பட்டது. 1 டன் காருக்கு 40 டன்னாவது வேண்டும், படத்தில் ஒரு குழாய்தான் இருக்கிறது. வேகத்தை வைத்தே நூறு மடங்கு என்று போட்டேன், அதற்கு மேல் கணக்குப் போட தே தாரிக்கும் தீர்ந்துவிட்டது.

எட்டாவதில் தொலைவிலிருந்து கார்களைக் கைப்பற்றுவது ஆதாரமில்லாத கற்பனை அல்ல, 2015-இலேயே இரண்டு ஆய்வாளர்கள் ஓடிக்கொண்டிருந்த ஜீப் ஒன்றை இணையம் வழியே நிறுத்திக் காட்டி, 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டிவந்தது. பனியில் துரத்தும் நீர்மூழ்கிதான் அதைக் கீழே இழுத்துவிட்டது. இரண்டாவதில் படகின் மேல் கார் பாயும், ஏழுக்குச் சொன்னதே அதற்கும். பத்தாவதில் அணைக்கட்டுச் சுவரில் கார் இறங்கும், ஒன்பதுக்கு மேலே, ஆறுக்குக் கீழே. நாலாவதில் ஒரு சுரங்கம் வரும், அதற்கு மேல் எனக்கும் நினைவில்லை, அண்ணனுக்கும் நினைவில்லை, காலியாக இருக்கும் இடத்தில் எங்காவது போட்டுக்கொள்ளுங்கள்.